அப்பாவின் புத்தகங்களை ஆக்ரிக்கடையில் போடலாமா?

2025 ஜூன் 12, வாசகர் ஒருவரின் கேள்வி

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகும்போதெல்லாம் அவர் வாங்கிச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள் முந்நூறுக்கு மேல் மூன்று மர அலமாரிகளில் இருக்கின்றன. நான் படிப்பதெல்லாம் கைப்பேசியிலும் கிண்டில் என்ற மின்வாசிப்புக் கருவியிலும்தான். அவர் வைத்திருந்த பெரிய நாவல்களும் பழைய இலக்கியங்களும் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. என் பிள்ளைகள் மலையாள வழியில் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டவும் தெரியாது. பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரர் கிலோவுக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அச்சுப் புத்தகத்தை உயர்த்திப் பேசுகிறவர்கள், மணத்தையும் தொடுகையையும் விட்டுவிட்டு, இவற்றை வைத்துக்கொள்ள ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 13

ஆடி முடியட்டும் என்று ஆக்ரிக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். ஆடியில் வீட்டு வேலை தொடங்க உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படியும் விடமாட்டார்கள்.

மணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எனக்கு ஆண்டு முழுவதும் மூக்கடைப்பு. காரணம் கேட்டீர்கள், என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எல்லையோரக் கிளை அஞ்சலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தமிழ் வார இதழ்களும் மாத இதழ்களும் எங்கள் ஊர்ச் சந்தாதாரர்களுக்கு என் கை வழியாகத்தான் போயின. புத்தக அஞ்சலுக்கு ஒரு விதி இருந்தது. உள்ளே கடிதம் ஏதேனும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று அஞ்சலகத்தார் பார்ப்பதற்கு வசதியாக, உறையின் முனையை ஒட்டாமல் விட வேண்டும். அந்த விதி எனக்குக் கொடுத்த உரிமையை நான் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டேன் என்பதை, ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆன பிறகு ஒப்புக்கொள்வதில் ஆபத்தில்லை என நினைக்கிறேன். தொடர்கதை முழுவதையும் படித்து முடித்த பிறகே சைக்கிளை எடுப்பேன். தேநீர்க்கடை வைத்திருந்த சந்தாதாரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் புகார் எழுதவில்லை. இதழைக் கையில் வாங்கும்போதே, "ஏனுங்க தபால்காரரே, அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிட்டாளுங்களா?" என்று கேட்பார்.

அந்த ஒரு பிரதியை முதலில் நான் படித்தேன். பிறகு அவர், அவர் மனைவி, கடைக்கு வருகிறவர்கள், எதிரே இருந்த தையற்காரர் என்று போய், கடைசியில் அதில் கடலை மடித்தார்கள். மடித்த தாளையும் ஒருவர் பிரித்துப் படித்திருப்பார். உங்கள் கிண்டிலில் இருக்கும் புத்தகத்தை உங்களைத் தவிர யார் படித்திருக்கிறார்கள்? இதுதான் என் காரணம்.

ஜூன் 15

முந்தைய குறிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டது இரண்டு நாட்களாக உறுத்துகிறது. நான் இப்போது பெரும்பாலும் படிப்பது மின்வாசிப்புக் கருவியில்தான்.

கண்புரை அறுவைக்குப் பிறகு என் மகள் வாங்கிக் கொடுத்தாள். அச்சுப் புத்தகத்தில் எழுத்தின் அளவைத் தீர்மானிப்பவர் பதிப்பாளர். தாளை மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. மலிவுப் பதிப்பாக வந்த பழைய நாவல்களை இன்று என்னால் வெயிலில் வைத்துக்கூடப் படிக்க முடிவதில்லை. கருவியில் நான் வைத்திருக்கும் எழுத்தின் அளவைப் பார்த்தால், திரையில் பதினோரு வரிகள்தான் வரும். பக்கம் புரட்டிப் புரட்டிக் கட்டைவிரல் வலிக்கிறது என்பதைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

கைப்பேசித் திரையையும் இந்தக் கருவியையும் ஒன்றாகப் பேசுவது தவறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைப்பேசியின் திரை நம் கண்ணை நோக்கி ஒளியை வீசுகிறது. இந்தக் கருவியின் மின்மைத் திரையிலோ, மயிரிழை அளவே உள்ள நுண்குமிழ்களுக்குள் வெள்ளை, கறுப்பு நிறமித் துகள்கள் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் பாயும் திசைக்கு ஏற்ப ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே இறங்குகிறது. அப்படி நின்ற எழுத்து அப்படியே நிற்கும்; பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. நம் ஊர் மின்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, கருவியின் எதிரி என்று என்னை எண்ணி யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஜூன் 16

பதினோரு வரிகள் அல்ல, ஒன்பது. இன்று காலை எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 19

இன்று வாசிப்பு நாள். 1945இல் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கி, கேரளத்தின் சிற்றூர்கள் தோறும் நூலகம் எழக் காரணமாயிருந்த பி.என்.பணிக்கரின் நினைவு நாள். பள்ளிப் பிள்ளைகள் "வாயிச்சு வளருக" என்று எழுதிய அட்டைகளோடு தெருவில் போனார்கள்.

எங்கள் ஊர் நூலகத்துக்கும் போய்வந்தேன். நல்ல நூலகம், மாலையில் இளைஞர்கள் வருகிறார்கள், நாளிதழ் மேசை காலியாக இருப்பதில்லை. தமிழுக்கு ஓர் அலமாரி, அதிலும் இரண்டு தட்டுகள்தாம். அந்த இரண்டு தட்டுகளையும் நான் முப்பது வயதுக்குள்ளேயே படித்து முடித்துவிட்டேன். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மலையாள நாட்டு நூலகத்தில் மலையாளம்தான் நிறைந்திருக்கும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம், பதிப்பகங்கள் அந்தப் பக்கம் இருந்தன. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பேருந்து ஏறினால்தான் தமிழ்ப் புத்தகம். கோயம்புத்தூரில் ஜூலை மாதம் கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போய், பேருந்துக் கட்டணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை எல்லாம் செலவழித்து, சாப்பிடாமல் திரும்பி வந்த ஆண்டுகள் உண்டு.

2016 டிசம்பரில் கிண்டில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியபோது, சென்னைவாசிக்கு அது இன்னொரு கடை. எங்களுக்கு அதுவே முதல் கடை. சாவடியில் நிற்காமல் தமிழ்ப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது எங்கள் தலைமுறையில் அதுதான் முதல் தடவை. அச்சை விரும்புகிறவர்களில் நகரத்தார் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி கேட்ட நண்பரின் அப்பா அந்த முந்நூறையும் எப்படிச் சுமந்து வந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

ஜூன் 21

அஞ்சலில் வரவழைக்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே 1 முதல் அதற்குப் பதிலாக வேறொரு சேவை நடக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அதன் பெயர் ஞான் போஸ்ட். இந்திக்காரர்கள் அறிவு என்ற பொருளில் வைத்த பெயர். மலையாளத்தில் ஞான் என்றால் நான்; எங்கள் ஊரில் அதைக் கேட்ட மலையாளிகள் "ஞான் போஸ்ட், அப்போள் நீயோ?" என்று சிரிக்கிறார்கள்.

ஜூன் 27

"அச்சு நமக்கு வெள்ளைக்காரன் கொடுத்தது, கருவியும் வெள்ளைக்காரன் கொடுத்தது, இதில் எது நம்முடையது" என்று கேட்டவருக்கு இந்தக் குறிப்பு.

தமிழ் எழுத்துகளை அச்சில் வார்த்து அடித்த முதல் நூல் வெளிவந்தது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அல்ல; இன்று கேரளத்தில் இருக்கும் கொல்லத்தில். 'தம்பிரான் வணக்கம்' என்ற அந்தக் கிறித்தவ வினாவிடை 1578 அக்டோபர் 20 அன்று அச்சாயிற்று. மொத்தமே பதினாறு பக்கங்கள். அன்றிக்கே அன்றிக்கசு என்ற பாதிரியார் உருவாக்கியது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1554இல், லிசுபனில் தமிழ் நூல் ஒன்று அச்சானது உண்மைதான். ஆனால் அதில் தமிழை ரோமன் எழுத்தில் அடித்திருந்தார்கள். நாம் இன்று அவசரத்தில் கைப்பேசியில் "enna panre" என்ற பாணியில் தட்டுவதை அவர்கள் அன்றைக்கே தொடங்கி வைத்தார்கள் என்று கொள்ளலாம்.

நம்முடையது எது என்று கேட்டால், எங்கள் சித்தூர் வட்டத்தின் வரப்புகளில் நிற்கும் கரிம்பனைகளைத்தான் காட்ட வேண்டும். ஓலை, எழுத்தாணி, விளக்குக்கரி. எழுத்தின் அளவை மாற்ற முடியாது, கிழிந்தால் ஒட்ட முடியாது, சில தலைமுறைகளுக்கு ஒரு முறை யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். ஆனால் கருவி தோட்டத்திலேயே காய்த்தது, கள்ளும் கொடுத்தது. அந்த இரண்டாவது வசதியை இதுவரை எந்த நிறுவனமும் சேர்க்கவில்லை.

ஜூன் 28

நேற்றைய குறிப்பில் ஆங்கில எழுத்தைப் புகுத்திவிட்டேன் என்று கடிந்துகொண்டார்கள். "என்ன பண்றே" என்பதை அங்கே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 9

கேள்வி கேட்ட நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். நான் ஜூன் 13இல் சொன்ன காரணம் இதழ்களுக்குத்தான் பொருந்தும் என்றும், அப்பாவின் அலமாரியைப் பதினைந்து ஆண்டுகளாக அவரைத் தவிர யாரும் திறக்கவில்லை என்றும் சொல்கிறார். கேட்டதும் வாயடைத்துப்போனேன். கைமாறாத புத்தகத்துக்கு என் வாதம் உதவாதுதான்.

வேறொன்று சொல்லிப் பார்க்கிறேன். மின்நூலை நாம் வாங்குவதில்லை, படிப்பதற்கான அனுமதியைத்தான் வாங்குகிறோம். 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் பூட்டிய வீட்டுக்குள் கடைக்காரர் நுழைந்து அலமாரியிலிருந்து எடுத்துப்போக முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. குடிமக்களை ஒளிந்து கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவலே அந்த இரண்டில் ஒன்றாக இருந்ததை, கதையாக யாராவது எழுதினால் நம்ப மாட்டோம்.

வரியிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அச்சு நூலுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. மின்நூலுக்கு முதலில் 18 விழுக்காடு. அச்சுப் பதிப்பும் உள்ள மின்நூலுக்கு மட்டும் 2018 ஜூலையில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். அரசின் கணக்கிலும் அது புத்தகம் அல்ல, சேவை.

சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. ஒரு மின்நூல் கடையில் நான் வாங்கியிருந்த பத்தொன்பது நூல்கள், கடையை மூடியபோது கணக்கோடு போயின. கடையின் பெயர் வேண்டாம். பதினாறை நான் படித்திருந்தேன்; படிக்காத மூன்று மட்டும் என்னென்ன என்று இன்று வரை நினைவுக்கு வந்தபாடில்லை. தொலைந்தது எது என்றே தெரியாமல் தொலைப்பது எனக்குப் புதிய அனுபவம்.

ஜூலை 10

இதற்கு மறுப்பை நானே எழுதிவிடுகிறேன். நண்பர் சொல்லும் இலவச நூல்களுக்கு இந்த ஆபத்து இல்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு.கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கியது. தன்னார்வலர்கள் ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, சங்க நூல்கள் முதற்கொண்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்த நூல்களையும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம், பத்துப் பேருக்கு அனுப்பலாம், யாரும் வந்து அழிக்க முடியாது. பாரதியை ஆக்ரியில் போட்டாலும் பாரதி போய்விடமாட்டார்.

நேற்றைய வாதத்தில் பாதி இத்தோடு போயிற்று.

ஜூலை 24

கர்க்கடக மழை; நம் ஆடிதான் மலையாளத்தில் கர்க்கடகம். அலமாரியைத் திறந்தேன், நான்கு புத்தகங்களின் அட்டையில் பூஞ்சை பூத்திருக்கிறது, ஒரு கட்டுரைத் தொகுப்பின் முதுகை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்தும் இந்தக் கதி. மரக்கூழில் உள்ள லிக்னினை நீக்காமல் செய்த மலிவுத் தாள் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பாகி, மடித்த இடத்தில் அப்பளம்போல் ஒடிகிறது. எழுபதுகளில் வந்த மாத நாவல்களைப் புரட்டினால் மடியில் தூள் கொட்டுகிறது. அச்சுப் புத்தகம் நிலையானது என்று பேசுகிறவர்களை ஒரு மழைக்காலம் இங்கே தங்க வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு முத்தச்சி கர்க்கடக மாதம் முழுவதும் மாலையில் விளக்கேற்றி எழுத்தச்சனின் கிளிப்பாட்டு இராமாயணத்தை வாசிப்பார். இவ்வாண்டு "கண்ணு பிடிக்குன்னில்லா" என்று வருந்தினார். பேரன் டேப்லெட்டில் பெரிய எழுத்தில் எடுத்துக் கொடுத்தான். மூன்று நாட்கள் வாசித்தார். நான்காம் நாள் மீண்டும் பழைய புத்தகமே மணைமேல் இருந்தது. திரையில் சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். தெரிகிறது, ஆனால் நடுவில் கல்யாண மண்டப விளம்பரம் வந்துவிட்டது என்றார். இப்போது புத்தகத்தை மடியில் வைத்து, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பக்கத்தை மட்டும் சரியான இடத்தில் புரட்டுகிறார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சித்தூர்ப் புழையில் இவ்வாண்டு தண்ணீர் ஓடுகிறது.

இந்த நாளில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் ஏடுகள் நெருப்புக்குப் போனதையும் எழுதியிருக்கிறார். விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டில் இடம் அடைக்கிறது, யாரும் படிப்பதில்லை, எறிவதற்கு மனம் வரவில்லை; ஆறு என்றால் மரியாதையாகவும் இருக்கும். அவர்களுக்கு அந்தக் காலத்து ஆக்ரிக்கடை அதுதான். பல இடங்களில் அலைந்து சேர்த்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான் 1887இல் சீவகசிந்தாமணி அச்சுக்கு வந்தது. ஓர் ஏட்டில் விடுபட்ட அடி இன்னொன்றில் இருந்தது. ஒரு பிரதி போதும் என்று யாராவது மற்றவற்றை ஆற்றில் விட்டிருந்தால், விடுபட்ட அடியும் ஆற்றோடு போயிருக்கும்.

மின்பிரதிகளைப் பற்றியும் இதே கவலைதான் எனக்கு. ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது ரகரமும் துணைக்காலும் இடம் மாறுகின்றன. என் கருவியில் உள்ள ஒரு நாவலில் கதாநாயகன் 'காடு' என்ற இடமெல்லாம் 'கரடு' ஏறுகிறான். இருபது பக்கம் வரை அதையே உண்மை என்று நம்பி, எங்கள் பக்கத்துக் கரடுகளை நினைத்துக்கொண்டு படித்தேன். சில பழைய கோப்புகளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், நடுவே ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். சரிபார்க்க அச்சுப் பிரதி ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் பார்க்கலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்தொகுப்பு இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துப் பல இடங்களில் வைத்திருக்கிறது. அதை ஒரு தீக்குச்சியால் எரிக்க முடியாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்தவை 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகக் காக்கப்படுகின்றன. அவர் சேர்த்தவற்றில் நாடக விளம்பரத் துண்டுகளும் திருமண அழைப்புகளும்கூட இருந்தன. அவற்றை அந்தக் காலத்தில் யார் மதித்திருப்பார்கள்?

நண்பருக்கு ஒரு கேள்வி: உங்கள் அப்பாவின் அலமாரியில் புத்தகம் என்று சொல்ல முடியாத தாள்கள் ஏதேனும் உண்டா?

ஆகஸ்ட் 18

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேற்பட்டோரையும் சேர்த்துக் கணக்கிட்டது. தகவல் சார்ந்த பாடங்களில், அதுவும் நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது, தாளில் படித்தவர்களுக்குப் பொருள் நன்றாக விளங்கியிருக்கிறது. கதைகளைப் படிப்பதில் அந்த வேறுபாடு தெரியவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தாளைக் கொடுங்கள். என்னைப் போன்ற கதைப் பைத்தியங்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

எனக்கு நினைவு வேறு மாதிரி வேலை செய்கிறது. அச்சில் படித்த வரி, இடப்பக்கத்தின் அடியில், தேநீர்க் கறைக்கு மேலே என்று இடத்தோடு நினைவிருக்கிறது. கருவியில் படித்ததற்கு இடமே இல்லை. 43 விழுக்காட்டில் என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் தேடினால் நொடியில் கிடைத்துவிடுகிறது, அச்சில் அரை மணி நேரம் தடவினாலும் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

செப்டம்பர் 8

ஓணத்துக்குத் திருச்சூரிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்குப் பதினொரு வயது; பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். மழை பெய்த ஒரு பிற்பகலில் என் அலமாரியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, புத்தக முதுகுகளை விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். உ, ண, த போன்றவை மலையாள எழுத்தின் சாயலில் இருப்பதால் பிடித்துக்கொண்டாள். ஒரு பழைய புத்தகத்தை உருவி, "அப்புச்சி, இந்த எழுத்துக்கு மட்டும் தும்பிக்கை இருக்குதுங்களே?" என்றாள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போட்டுத்தான் அடித்தார்கள். இணையத்தில் உள்ள அதே நூலில் துதிக்கை இருக்காது. எல்லாம் இன்றைய எழுத்தாக மாறியிருக்கும்.

அப்போதுதான் நண்பரின் கேள்விக்கு உரிய பதில் எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். சென்னையில் இருக்கும் பிள்ளை தமிழ்ப் புத்தகம் இல்லாத வீட்டில் வளர்ந்தாலும், பேருந்துப் பலகையும் கடைப் பலகையும் சுவரொட்டியும் அதற்குத் தமிழ் எழுத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். திருச்சூரில் வளரும் இவளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டுவது யார்? நான் ஆயிரம் நூல்களைக் கருவியில் வைத்திருக்கலாம். மூடினால் அது ஒரு கறுப்புப் பலகை. நான் படிப்பது தமிழா, மலையாளமா, மளிகைக் கணக்கா என்பதுகூட எதிரே இருப்பவருக்குத் தெரியாது. அலமாரியில் இருக்கும் புத்தகம், உங்கள் அப்பாவைத் தவிர யாரும் திறக்காத பதினைந்து ஆண்டுகளிலும், தன் பெயரைத் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழும் ஒரு வீட்டில் அதற்கு வேறு பொருள் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காக எடுத்துவிடுகிறேன் என்கிறீர்கள். எடுத்துவிட்ட பிறகு அவர்கள் எதைப் பார்த்துக் கேட்பார்கள்?

செப்டம்பர் 14

மேலே எழுதியதைப் பெருமையோடு மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, அவ தமிழ் எழுத்தெல்லாம் ஆறு மாசமாப் போன்லதான் கத்துக்கிட்டிருக்கா" என்றாள். யூடியூபில் தமிழ்ப் பாட்டுகளின் வரிகள் ஓடுவதைப் பார்த்தே கற்றிருக்கிறாள். தமிழ் விசைப்பலகையை அவளே போட்டுக்கொண்டாளாம். எழுத்து தெரியாமல் வந்து என் அலமாரி முன் உட்காரவில்லை. தெரிந்ததைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே செப்டம்பர் 8ஆம் நாள் குறிப்பில் 'காட்டுவது யார்' என்ற இடத்தில் கைப்பேசி என்று நிரப்பிக்கொள்ளுங்கள். முழுவதையும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். துதிக்கை மட்டும் கைப்பேசியில் வராது என்பதால் விட்டுவைக்கிறேன். அந்தப் பழைய புத்தகத்தை அவள் திருச்சூருக்குக் கொண்டுபோய்விட்டாள். என்ன நூல் என்று கேட்டுவிடாதீர்கள். தென்னை எருவிடுதல் பற்றிய வேளாண்துறைக் கையேடு.

அக்டோபர் 3

கேள்வி கேட்ட நண்பர் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கும் பூசைவைப்புக்கு முந்தைய வாரம் மூன்று அலமாரிப் புத்தகங்களையும் சாக்குகளில் கட்டி, சிறிய சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு நாட்கள் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தோம்.

பிரித்தபோது தெரிந்ததை உள்ளபடி எழுதுகிறேன். பெரிய பெயர்கள் உள்ள நாவல்கள், கவிதைகள், உரைநூல்கள் ஆகியவற்றில் மிகப் பலவும் அவர் சொன்னதுபோலவே இணையத்தில் இருக்கின்றன. அந்த அளவில் அவர்தான் சரி, நான் மூன்று மாதங்களாக வீணாக வாதாடியிருக்கிறேன். எங்கே தேடியும் கிடைக்காதவை ஒரு சாக்கின் அடியில் இருந்தன: மாரியம்மன் கும்மிப் பாட்டு என்று எட்டுப் பக்கத்தில் அடித்த சிறு நூல்கள், தமிழ் வழிப் பள்ளி ஒன்றின் ஆண்டு மலர்கள், கூட்டுறவுச் சங்க மலர் ஒன்று, பதினேழு ஆண்டுகளின் பஞ்சாங்கங்கள். பஞ்சாங்கங்களின் ஓரத்தில் அவர் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: எந்த நாளில் விதைத்தார், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்த நாளில் தொடங்கியது, எந்தக் கிணறு எந்த மாதம் வற்றியது, சினைப்பசுவுக்கு எந்தத் தேதியில் கன்று. நண்பர் அவற்றைப் பிரிக்க மறுத்துவிட்டு மதியம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டேன்.

அந்தச் சாக்கு அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யவும் போகிறார், தாளையும் வைத்துக்கொள்ளப் போகிறார். நல்ல நிலையில் இருந்த நாவல்களில் எண்பதை ஊர் நூலகத்தின் தமிழ்த் தட்டுக்குக் கொடுத்தோம். நூலகர் மூன்றாவது தட்டு ஒன்றைக் காலி செய்து தந்தார். துதிக்கை எழுத்துள்ள பதினான்கு என் பேத்திக்கு. பூச்சி தின்றவை, பழைய வழிகாட்டி நூல்கள், வரி படிவங்கள், பாடப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு சாக்கு. அவற்றுக்கு ஆக்ரிதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

ஆக்ரிக்காரர் இன்று காலை வந்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே தொழில் செய்கிறவர். சாக்கைத் தராசில் மாட்டினார், முப்பத்தாறு கிலோ. பிறகு வாயைப் பிரித்து, மேலாக இருந்த பழைய ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை எடுத்துப் புரட்டினார். "இதை நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். எல்லாமே உங்களுடையதுதானே என்றார் நண்பர். ஆக்ரிக்காரர் கேட்கவில்லை, புத்தகத்தை வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, சாக்கை மீண்டும் தராசில் மாட்டி, குறைந்த இருநூறு கிராமைக் கழித்துக் காசு கொடுத்தார்.